தோணியில் ஆறு கடத்தல்: ஊர் திரும்பியோருக்கான பாடம்

பல வருடங்களின் பின் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். காணியைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, கூரைக்குத் தகரம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வயலோ, பாடசாலையோ, கிளினிக்கோ, கிராம அலுவலர் அலுவலகமோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால் தோணி ஏறாமல் வாழ்க்கை நடக்காது. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் முன்னர் பாதையில் ஏறிக் கடந்த இடங்களில் இன்று பாலங்கள் உள்ளன. ஆனால் வீதியை விட்டு உள்ளே போனால் பல கிராமங்களுக்கு இன்னும் தோணிதான் பாலம்.

இந்தப் பாடத்தை வெருகல் ஆற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

"இந்த ஆத்திலதான் நாங்க பிறந்து வளர்ந்தம், எங்களுக்கா சொல்லித் தாறீங்க?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு விடயங்களை யோசித்துப் பாருங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் பல மாரி வெள்ளங்கள் வந்து போயிருக்கின்றன. மணல்திட்டு இருந்த இடத்தில் இன்று ஆழம் இருக்கலாம், பழைய துறையில் மரம் விழுந்து கிடக்கலாம். அடுத்தது, முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் என்னவென்றே தெரியாது. 8 வயதில் நீங்கள் நீந்தினீர்கள். உங்கள் 12 வயது மகளுக்கு நீந்தத் தெரியாமல் இருக்கலாம்.

வானத்தைப் பார்த்து ஆற்றை நம்பவேண்டாம்

வெருகல் ஆறு மகாவலி கங்கையின் ஒரு கிளை. மகாவலி 335 கிலோமீற்றர் நீளமானது. மத்திய மலைநாட்டில் பிறந்து, அம்பன் கங்கை போன்ற ஆறுகளையும் சேர்த்துக்கொண்டு கொட்டியாரக் குடாவை நோக்கி வருகிறது. ஆகவே உங்கள் ஊரில் வெயில் எறிக்கும்போதே மலைநாட்டில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்து சேரலாம். மேலே நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டாலும் அப்படித்தான். மாரி காலத்தில் வானொலிச் செய்தியைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

கரையிலும் அடையாளங்கள் உண்டு. ஒரு தடியை நீர் விளிம்பில் குத்தி, அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். நீர் தடியில் ஏறியிருந்தால் ஆறு பெருகுகிறது. தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாவது, குப்பையும் கிளைகளும் நடு ஆற்றில் ஓடிவருவது, இரைச்சல் மாறுவது எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. பெருகும் ஆற்றில் இறங்குவதைவிட, வடியத் தொடங்கும்வரை கரையில் ஒரு நாள் இருப்பது மேல்.

ஓட்டத்தை அளந்து பாருங்கள்

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கரையோரமாக 10 மீற்றர் தூரத்தை அடையாளமிடுங்கள்; வளர்ந்தவர் ஒருவரின் நடையில் ஏறக்குறைய 13 எட்டு. மேல் அடையாளத்துக்குச் சற்று மேலே நின்று ஒரு கட்டையை இயன்றவரை ஆற்றின் நடுவை நோக்கி எறியுங்கள். கரையோர நீர் எப்போதும் மெதுவானது, அது உங்களை ஏமாற்றிவிடும். கட்டை 10 மீற்றரைக் கடக்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று எண்ணுங்கள்.

10 விநாடி என்றால் ஆறு விநாடிக்கு 1 மீற்றர் ஓடுகிறது. சுமையேற்றிய தோணியை ஒருவர் சவள் போட்டுச் செலுத்தும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 5 விநாடி என்றால் ஓட்டம் இரண்டு மடங்கு; ஆனால் நீர் தோணியைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அப்படியான நாளில் யாருமே கடக்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட நாளில் அனுபவமுள்ள தோணிக்காரர் மட்டும், பாதிச் சுமையுடன் போகலாம்.

நேரே போக நினைத்தால்

100 மீற்றர் அகலமான ஆறு என்று வைத்துக்கொள்வோம். அக்கரையில் தெரியும் மருதமரத்தை நோக்கித் தோணியின் அணியத்தை நேராகப் பிடித்து, விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் சவள் போடுகிறீர்கள். அக்கரை சேர 100 விநாடி. அதே 100 விநாடியில் ஆறு உங்களை 100 மீற்றர் கீழே கொண்டுபோயிருக்கும். மருதமரத்தடியில் அல்ல, அதற்கு 100 மீற்றர் கீழே, என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் ஒதுங்குவீர்கள்.

அதனால் அணியத்தை நீர் வரும் பக்கம் சற்றுத் திருப்பிப் பிடிக்கவேண்டும். கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கரை 12 என்றால், நீர் இடப்பக்கமிருந்து வரும்போது அணியம் 11 ஐப் பார்க்கட்டும். வலப்பக்கமிருந்து வந்தால் 1 ஐப் பார்க்கட்டும். இப்படிப் போனால் கடக்க ஏறக்குறைய 115 விநாடி எடுக்கும், ஆனால் கீழே இழுபடும் தூரம் 60 மீற்றருக்குள் நிற்கும். அதற்கு மேலும் திருப்பினால் நேரம் கூடும், கை சோரும். நடு ஆற்றில் கை சோர்வதுதான் கெட்டது. மிச்சமுள்ள 60 மீற்றருக்கு வழி, புறப்படும் துறையை அந்த அளவு மேலே தெரிவு செய்வது. பழைய தோணிக்காரர்கள் கரையோரமாகத் தோணியை மேலே இழுத்துச் சென்று பிறகு கடப்பது இதற்காகத்தான். கணக்குத் தெரியாமலே சரியாகச் செய்தவர்கள் அவர்கள்.

புறப்படும் கணம் கவனத்துக்குரியது. கரையோர மெது நீரிலிருந்து வேகநீருக்குள் அணியம் நுழைந்ததும் ஓட்டம் அதைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். ஆகவே அணியத்தை ஏறக்குறைய நேர் எதிர்நீராக வைத்துப் புறப்பட்டு, பிறகு சிறிது சிறிதாக அக்கரைப் பக்கம் விடுங்கள். அந்த வேளையில் நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழக்கூடாது. தாழ்ந்தால் ஆறு அதன் வழியாக உள்ளே ஏறிவிடும். பயணிகள் உடலை மெல்ல நீர் போகும் பக்கம் சாய்த்தால் போதும், எழும்பக்கூடாது.

இறங்கும் இடத்தையும் புறப்படுமுன்னரே தீர்மானியுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் ஓட்டம் வேகம், கரை அரிக்கப்பட்டுச் செங்குத்தாக இருக்கும். உட்பக்கத்தில் மணல் படிந்து நீர் மெதுவாக இருக்கும். பாலத் தூண், அணைக்கட்டு, விழுந்த மரம் ஆகியவற்றுக்கு மேலே, அவை உங்களுக்குக் கீழ்நீரில் இருக்கும்படியாகக் கடக்கவேண்டாம். வெள்ள காலத்தில் ஆறு கடலில் விழும் இடத்துக்கு அருகே ஒருபோதும் வேண்டாம்.

துறை என்று ஊரார் பாவிக்கும் இடம் தவிர வேறு எங்கும் இறங்காதீர்கள். கண்ணிவெடிகளை வெள்ளம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்; அகற்றி முடித்த கரையிலும் புதிதாக ஒதுங்கியிருக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பற்றை அடர்ந்த கரைகளில் முதலை உண்டு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒரு சாண் கணக்கு

ஆட்களும் பொருளும் ஏறியபின், தோணியின் விளிம்பில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் நீருக்கும் இடையில் ஒரு சாணாவது இருக்கவேண்டும். இல்லையேல் யாராவது இறங்கவேண்டும். இந்தக் கணக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு நாளும் உடைகிறது. எப்படி உடைகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, இன்னும் ஒரு ஆள்தானே, பிள்ளைக்குக் காய்ச்சல். ஏத்துங்க."

"இல்லக்கா. பிள்ளையோட நீங்க ஏறுங்க, தகரத்த இறக்கிட்டுப் போவம். அண்ணன், நீங்க அடுத்த தடவ வாங்க."

இப்படிச் சொல்லும் தோணிக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் ஒரு தடவைக் கூலியை இழந்து உங்களைக் காப்பாற்றுகிறார். எங்கள் பொருள் வழங்கும் நாளில்தான் இந்த நெரிசல் அதிகம் என்பதும் எங்களுக்குத் தெரியும். வெள்ளத்தால் வரமுடியாமற்போன குடும்பத்தின் பங்கு அப்படியே வைக்கப்பட்டிருக்கும். கிராம அலுவலர் மூலமோ எங்கள் களப்பணியாளர் மூலமோ அறிவித்தால் போதும். சீமெந்துக்காகவும் தகரத்துக்காகவும் யாரும் பெருகிய ஆற்றில் இறங்கவேண்டியதில்லை.

சீமெந்துப் பை ஒன்று 50 கிலோகிராம். அதை ஒரு ஆளாகவே கணக்கிடுங்கள். பாரத்தை நடுவில், அடித்தட்டில் வையுங்கள். கூரைத் தகரத்தை நிமிர்த்தி வைத்தால் காற்று பாய்மரம்போலப் பிடிக்கும். படுக்கவைத்து, விளிம்புக்கு வெளியே நீட்டாமல் அடுக்குங்கள். உள்ளே வரும் நீரும் சுமைதான். 10 லீற்றர் வாளியால் பத்து வாளி நீர் என்றால் 100 கிலோகிராம். அதுவும் தோணி சாயும் பக்கமெல்லாம் ஓடும் சுமை. இறைக்க ஒரு கோப்பையும் அதற்கென்று ஓர் ஆளும் இருக்கட்டும்.

உயிர்காப்பு அங்கி இருந்தால் அதை இருக்கையாகப் போடாமல் உடுத்துங்கள். இல்லாவிட்டால் மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் கான் இரண்டைக் கயிற்றால் இணைத்து ஆளுக்கு ஒன்றாக வைத்திருங்கள். அங்கிக்கு ஈடாகாது, ஆனாலும் நீரில் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும். பாடசாலைப் பையைத் தோளில் மாட்டாமல் மடியில் வையுங்கள். சேலையையும் சாரத்தையும் முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகுங்கள். பிள்ளையை உங்களோடோ தோணியோடோ கட்டக்கூடாது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டுங்கள். இடம்பெயர்வில் ஒருமுறை தொலைத்துப் பட்ட அலைச்சலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

தோணி கவிழ்ந்தால்

ஓட்டம் தோணியை ஒரு மரத்தை நோக்கித் தள்ளும்போது மனிதர் பயத்தில் மரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அப்போதுதான் தோணி கவிழும். மரத்தின் பக்கமே சாயுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் மரத்தோணி மிதக்கும், அதை விடாதீர்கள். ஆனால் நீர் வரும் பக்கமாக நின்று பிடியுங்கள். மறுபக்கம் நின்றால் தோணிக்கும் மரத்துக்கும் இடையில் நசுங்க நேரிடும். தோணி கைவிட்டுப் போனால் மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் முன்னே நீட்டி, மிதந்தபடி கைகளால் கரைப்பக்கம் தள்ளுங்கள். வேகநீரில் எழுந்து நிற்கப் பார்க்கவேண்டாம். கால் கல்லிலோ வேரிலோ சிக்கினால் ஆறு உங்களை முகங்குப்புற அமுக்கிவிடும். முழங்காலளவு நீர் வந்தபின்தான் நிற்கலாம். ஒரேயொரு இடத்தில் இந்த முறையை மாற்றுங்கள்: விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் இழுபடப்போகிறீர்கள் என்று தெரிந்தால், குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமாக நீந்தி, கிளைமேல் ஏறுங்கள். கிளைகளினூடாக நீர் போகும், ஆள் போகமுடியாது.

கரையில் நிற்பவர்கள் நீரில் குதிக்கவேண்டாம். கயிறோ, நீண்ட கம்போ, வெறும் கானோ எறியுங்கள்.

வெளியே எடுத்தவர் மூச்சு விடாவிட்டால் அவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. ஊரில் இன்னும் செய்கிறார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதுங்கள். மூச்சு வரும்வரை அல்லது உதவி வரும்வரை இதையே தொடருங்கள். அவர் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்டுமில்ல" என்று சொன்னாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியசாலை அக்கரையில் என்றால், ஆற்றைக் கடக்காமல் வீதியால் போகக்கூடிய வழி எது என்பதை மாரி தொடங்குமுன்னரே ஊரில் எல்லோரும் பேசி முடிவெடுத்து வையுங்கள்.