ஏரியா தாண்டாத ரூட்: ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, எடப்பாடி வட்டாரத்தில் விசைத்தறிக்காரர் கணக்கு முதல் பிள்ளைகளின் பாடம் வரை எல்லாம் இன்று ஃபைபரில்தான் நடக்கிறது. இணையம் நின்றால் இ-வே பில் எடுக்க முடியாமல் துணி லோடு ஏற்றிய வண்டி வாசலிலேயே நிற்கும். அந்த நேரத்தில் ரூட்டர் முன்னால் உட்காரும் இளைஞருக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓஎஸ்பிஎஃப் ஒரு ஏரியாவுக்குள் இருக்கும் ரூட்டர்கள் எல்லாவற்றுக்கும் முழு வரைபடத்தைக் கொடுக்கிறது. ஏரியா தாண்டும்போது அந்த வரைபடம் போவதில்லை. "இந்த நெட்வொர்க்குக்கு என் வழியாக வரலாம், காஸ்ட் இவ்வளவு" என்று எல்லை ரூட்டரான ஏபிஆர் சொல்லும் செய்தி மட்டுமே போகிறது. அதுதான் டைப் 3 எல்எஸ்ஏ. ஆகவே ஏரியாக்களுக்கு இடையே வரும் பழுதில் தேட வேண்டியது ஒன்றுதான்: செய்தி எந்த ஏபிஆரில் நின்றது?

செய்ய வேண்டியவை

● எந்த லிங்க் எந்த ஏரியாவில் இருக்கிறது என்று தாளில் வரையுங்கள். கான்ஃபிக்கில் எழுதியிருப்பதை நம்பாமல், ஒவ்வொரு ரூட்டரிலும் இன்டர்ஃபேஸ் பட்டியலை எடுத்துப் பார்த்து வரையுங்கள்.

● ரூட் பிறந்த இடத்திலிருந்து டேட்டாபேஸைப் பின்தொடருங்கள். பிறந்த ஏரியாவில் டைப் 1 அல்லது டைப் 2 இருக்கிறதா? அந்த ஏரியாவின் ஏபிஆர் அதை டைப் 3-ஆக ஏரியா 0-வுக்குள் விட்டிருக்கிறதா? அடுத்த ஏபிஆர் அதைத் தன் பெயரில் புதிதாக எழுதி அடுத்த ஏரியாவுக்குள் அனுப்பியிருக்கிறதா? மூன்றில் எது இல்லையோ, பழுது அங்கே. இதற்குப் பிங் போதாது. பதில் வரவில்லை என்று மட்டும்தான் பிங் சொல்லும், எந்த எல்லையில் நின்றது என்று அதற்குத் தெரியாது.

● டேட்டாபேஸையும் ரூட் டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. மாவட்டத்து நெட்வொர்க்குகள் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இணையம் சேலத்தில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து தாரமங்கலம் வழியாக ஜலகண்டாபுரத்துக்கு ஒரு ஃபைபர், சங்ககிரி வழியாக எடப்பாடிக்கு இன்னொன்று. இரண்டும் ஏரியா 0, அதாவது பேக்போன். ஜலகண்டாபுரமும் எடப்பாடியும் ஏபிஆர்கள். இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் ஃபைபரும் ஜலகண்டாபுரத்திலிருந்து பிரியும் நங்கவள்ளிக் கிளையும் ஏரியா 1. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றிப் போகட்டும் என்றுதான் அந்த நடு ஃபைபரைப் போட்டிருப்பார்கள்.

தாரமங்கலம் பக்கம் சாலைப் பணியில் ஃபைபர் அறுகிறது. ஜலகண்டாபுரம் ரூட்டரின் லூப்பேக் ஏரியா 0-வில் இருப்பதால், தான் இன்னும் பேக்போனில் இருப்பதாகவே அது கணக்கிடுகிறது. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328-இன் விதிப்படி, ஓர் ஏபிஆர் பேக்போன் வழியாக வரும் டைப் 3, டைப் 4 செய்திகளை மட்டுமே ரூட் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும். லூப் வராமலிருக்க வைத்த நல்ல விதி அது. ஆனால் எடப்பாடியிலிருந்து நடு ஃபைபர் வழியாக வரும் செய்தி ஏரியா 1-இன் செய்தி. அந்த விதியை அப்படியே பின்பற்றும் பெட்டி என்றால், ஜலகண்டாபுரம் ரூட்டர் அதை வாங்கி டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும், ரூட் டேபிளில் போடாது. சேலம் அறிவித்த டீஃபால்ட் ரூட்டான டைப் 5-உம் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். அதை அறிவித்த ரூட்டருக்குப் போகும் வழி கணக்கில் இல்லாததால் அதுவும் டேபிளில் ஏறாது. எடப்பாடி பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு இணையம் ஓடும். நங்கவள்ளி டிராஃபிக்கோ ஜலகண்டாபுரம் வரை வந்து அங்கேயே விழும். ஃபைபர் நன்றாக இருக்கிறது, நெய்பர் ஃபுல் நிலையில் இருக்கிறது, ஆனாலும் இணையம் இல்லை.

இதற்கு மருந்து டிசைனில் இருக்கிறது. நடு ஃபைபரில் இன்னொரு விலான் போட்டு அதை ஏரியா 0-வில் சேர்த்துவிடுங்கள். பேக்போன் வளையமாகிவிடும், ஒரு பக்கம் அறுந்தாலும் உடையாது. மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்து, இரவு ஆள் குறைந்த நேரத்தில் ஒரு பக்கத்து ஃபைபரைக் கழற்றிச் சோதித்துவிடுவது நல்லது.

● ஏபிஆர் ஆவதற்கு என்ன தகுதி என்பதில் எல்லா நிறுவனத்து ரூட்டரும் ஒன்றுபோல நடப்பதில்லை. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3509 அந்த வேறுபாடுகளைத்தான் விளக்குகிறது. சிஸ்கோ முறையில் ஏரியா 0-வில் உயிரோடு ஓர் இன்டர்ஃபேஸ் இருந்தால்தான் ஏபிஆர். வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளைக் கலந்து போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

● ரூட்டர் ஐடியைக் கையால் எழுதி வையுங்கள். ஒரு பெட்டியின் கான்ஃபிக்கை இன்னொன்றில் ஒட்டும்போது ஐடியும் சேர்ந்து போய்விடும். இரண்டும் வேறு வேறு ஏரியாவில் இருந்தால் உடனே ஒன்றும் தெரியாது. அவற்றில் ஒன்று வெளி ரூட்டைக் கொண்டுவரத் தொடங்கும் நாளில்தான் குழப்பம் வெளிவரும்.

● ஸ்டப் ஏரியா என்றால் அதிலுள்ள எல்லா ரூட்டரிலும் ஸ்டப் என்றே இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் நெய்பரே ஆகாது.

● சம்மரி போட்ட ஏபிஆரில் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 10.20.0.0/16 என்று ஒரே வரியாகச் சுருக்கி அறிவித்திருந்தால், அதில் ஒரே ஒரு சிறு நெட்வொர்க் உயிரோடு இருந்தாலும் முழு /16-உம் சேலத்து டேபிளில் இருக்கும். மற்றவற்றுக்கு வரும் பாக்கெட்டை ஏபிஆர் தன் டிஸ்கார்டு ரூட்டில் கொட்டிவிடும்.

செய்யக்கூடாதவை

● எடுத்த எடுப்பில் ரூட்டரை ரீபூட் செய்யாதீர்கள், ஓஎஸ்பிஎஃப் பிராசஸைக் கிளியர் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நெய்பர்களும் விழும், தடயமும் அழியும். ஒரு எல்எஸ்ஏ வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். ஏதாவது ஒன்றின் வயது எப்போதும் சில வினாடிகளிலேயே நின்று, வரிசை எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், அங்கே ஒரு லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது. கிளியர் செய்தால் இந்தச் சாட்சி போய்விடும்.

● விர்ச்சுவல் லிங்க்கை நிரந்தர ஏற்பாடாக வைக்காதீர்கள். உடைந்த பேக்போனை அவசரத்துக்கு ஒட்ட அது உதவும், ஸ்டப் ஏரியா வழியாக அதைப் போடவே முடியாது.

● எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நெய்பர் நின்றால் எம்டியு சோதனையை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். நெய்பர் எழுந்துவிடும், பெரிய பாக்கெட்டுகள் பிறகும் தொலையும். இரு முனை ரூட்டர்களின் இன்டர்ஃபேஸிலும் எம்டியுவை ஒன்றாக்குங்கள், நடுவில் இருக்கும் சுவிட்சும் மீடியா கன்வர்ட்டரும் அதைத் தாங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

● காஸ்ட்டை மாற்றி ஏரியா கடந்த வழியை ஜெயிக்க வைக்க முயலாதீர்கள். காஸ்ட் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் ஏரியாவுக்குள் இருக்கும் வழிதான் முதலில் தேர்வாகும்.

● சிஸ்கோவில் உள்வரும் டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் போட்டு ரூட்டை நிறுத்திவிட்டதாக எண்ணாதீர்கள். அது அந்த ஒரு ரூட்டரின் டேபிளை மட்டும்தான் தடுக்கும், எல்எஸ்ஏ அடுத்தவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏரியா எல்லையில் தடுக்க வேண்டுமானால் ஏபிஆரில் டைப் 3 ஃபில்டர் போடுங்கள்.

● வாடிக்கையாளர் போன் அடிக்கிறார் என்று ஸ்டாட்டிக் ரூட் போட்டு அதை ஓஎஸ்பிஎஃப்-இல் ரீடிஸ்ட்ரிபியூட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த ஹாப் இன்டர்ஃபேஸ் கீழே போகாதவரை அந்த ஸ்டாட்டிக் அசையாது, அதற்கு அப்பால் வழியே இல்லாமல் போனாலும் டிராஃபிக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். வேறு வழியில்லாமல் போட்டே ஆக வேண்டுமானால், ஏன் போட்டீர்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று அலுவலக நோட்டில் எழுதி, காலை ஷிஃப்டில் வருபவரிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.