கல்லாவைக் காப்பது போல் கணிப்பொறியையும் காப்போம்



இரவு கடை அடைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கல்லாவை எண்ணிப் பூட்டுகிறோம். ஷட்டரை இறக்கி, போட்ட பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் இன்று நம் சொத்தில் பெரும்பகுதி கல்லாவில் இல்லை. பில், சரக்கு இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிப் பணம் எல்லாம் கணிப்பொறியில் இருக்கின்றன. கடை, கோடவுன், வீடு என்று எல்லாக் கணிப்பொறிகளையும் ஒன்றோடொன்று இணைத்தும் வைத்திருக்கிறோம். இந்த இணைப்புக்குத்தான் நெட்வொர்க் என்று பெயர். ஒன்றில் புகுந்த திருடன் மற்றதற்கும் போக அதுவே வழி.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். கோடவுனில் பில் போடும் பையன் வந்து, "அண்ணாச்சி, பழைய பில் எதுவும் திறக்க மாட்டேங்குது. பேரெல்லாம் மாறிக் கிடக்கு" என்றான். லோடு ஏற்றும் நேரம். "திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பாரு, போப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்குப்பிள்ளையும் அதற்கு மேல் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மூன்று கணிப்பொறியும் பூட்டிக் கிடக்கின்றன. பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் மிரட்டல். நகல் எடுத்து வைத்த டிஸ்க்கையும் அதே கணிப்பொறியில் செருகியே வைத்திருந்ததால் அதுவும் போயிற்று. பணம் கட்டவில்லை. பில் புத்தகங்களையும் லாரி ரசீதுகளையும் வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்ப ஏற்ற இரண்டரை மாதம் ஆனது. ஆதாரம் கிடைக்காத பாக்கியில் பலதைக் கேட்கவே முடியவில்லை.

பையன் சொன்னது சனிக்கிழமை. அந்த நிமிஷமே இணைப்பு ஒயரைப் பிடுங்கியிருந்தால் ஒரு கணிப்பொறியோடு நஷ்டம் நின்றிருக்கும். எச்சரிக்கை வந்தது, அதைக் கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை.

பெரிய கடையில் நடந்தது

நாம் சிறிய ஆள், அதனால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடைத்தொடர் இருக்கிறது. 2013-ம் வருடம் நவம்பர் மாதம் அதன் நெட்வொர்க்கில் திருடர்கள் புகுந்தார்கள். புகுந்த வழியைக் கவனியுங்கள். டார்கெட்டுக்குக் குளிர்சாதன வேலை செய்து கொடுத்த ஒரு காண்டிராக்டர், தம் பில்களை அனுப்புவதற்காக டார்கெட்டின் கணிப்பொறிக்குள் நுழையும் அனுமதி பெற்றிருந்தார். அவருக்கு ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்பி, அவருடைய பாஸ்வேர்டைத் திருடி, அதைக் கொண்டு உள்ளே வந்தார்கள். பில் கொடுக்கும் ஜன்னல் வழியாக வந்தவன் கல்லாவரைக்கும் போக முடிந்தது. நடுவில் தகுந்த தடுப்பு இல்லை.

கல்லாவில் வாடிக்கையாளர் கார்டைத் தேய்க்கும்போது, அதன் விவரம் ஒரு கணம் மெஷினின் நினைவகத்தில் வெறுமையாக நிற்கும். அந்தக் கணத்தில் அதை நகல் எடுக்கும் நிரலைக் கல்லா மெஷின்களில் வைத்தார்கள். நமக்குத் தீபாவளி போல அவர்களுக்கு நவம்பர் கடைசியில் தொடங்கும் வியாபாரம். கடையில் கூட்டம் அலைமோதிய அந்த நாட்களில் 4 கோடி கார்டுகளின் விவரமும், 7 கோடிப் பேரின் பெயர், முகவரி போன்ற தகவல்களும் திருட்டுப் போயின.

டார்கெட்டிடம் காவல் இல்லாமல் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் பெரும் செலவில் எச்சரிக்கைக் கருவி வாங்கி வைத்திருந்தார்கள். நவம்பர் 30-ம் தேதி அந்தக் கருவி எச்சரித்தது. நம் பெங்களூரில் இருந்து கண்காணித்த குழுவினர் அதைப் பார்த்து, மின்னியாபொலிஸ் நகரில் உள்ள தலைமையிடத்துக்குத் தெரிவித்தார்கள். டிசம்பர் 2-ம் தேதி மறுபடியும் எச்சரிக்கை வந்தது. ஆனாலும் தலைமையிடத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் 12-ம் தேதி அமெரிக்க நீதித்துறை சொல்லித்தான் விழித்தார்கள். 15-ம் தேதிதான் அந்த நிரலை அகற்றினார்கள். 2014 மே மாதம் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2017-ல் 47 மாநிலங்களோடு செய்துகொண்ட சமரசத்துக்கு மட்டும் ஒரு கோடியே 85 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

பெங்களூரில் இருந்தவர்கள் என் கோடவுன் பையனைப் போல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். கேட்டவுடன் செய்ய வேண்டியது யார் என்பதுதான் அங்கேயும் இங்கேயும் தீராத கேள்வி. ஆகவே பாதுகாப்பு சாப்ட்வேர் வாங்குமுன், கீழ்க்கண்டவற்றை ஒழுங்கு செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.

செய்ய வேண்டியவை

1. பொறுப்பாளரை நியமியுங்கள். கடையில் ஒருவர், அவர் இல்லாதபோது இன்னொருவர். முதலாளியைக் கேட்காமலே இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். தவறாகத் துண்டித்து அரை மணி வியாபாரம் நின்றாலும் கோபிக்கக் கூடாது. ஒரு தடவை கோபித்தால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

2. அறிகுறிகளை எழுதி ஒட்டுங்கள். பைல் பெயர் தானாக மாறுதல், வைரஸ் தடுப்பு தானாக நின்றுபோதல், கடை மூடிய நேரத்தில் யாரோ உள்ளே நுழைந்த பதிவு, நாம் கேட்காமலே போனுக்கு ஓ.டி.பி. வருதல், கணிப்பொறி காரணமின்றித் திணறுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொறுப்பாளருக்கு உடனே சொல்ல வேண்டும்.

3. முதல் பத்து நிமிஷம். இணைப்பு ஒயரைப் பிடுங்குங்கள், வைபையை நிறுத்துங்கள். கணிப்பொறியை அணைக்க வேண்டாம். திருடனின் தடயம் சில அதன் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், அணைத்தால் அழிந்துவிடும். திரையைப் போனில் படம் எடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பழுதில்லாத வேறு கணிப்பொறியில் இருந்து மாற்றுங்கள். வங்கிக்கு முதலில் போன் செய்யுங்கள்.

4. வழிகளைப் பிரித்து வையுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைபை வேறு, பில் போடும் இணைப்பு வேறு. ரிப்பேருக்கு வருபவருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட், வேண்டிய அளவு அனுமதி மட்டும். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள்.

5. நகலைத் தனியே வையுங்கள். மேர்ஸ்க் என்று எழுதிய கண்டெய்னர்களை எல்லோரும் பார்த்திருப்போம். 2017 ஜூன் 27-ம் தேதி அந்தக் கப்பல் கம்பெனியின் கணிப்பொறிகள் உலகமெங்கும் முடங்கின. உக்ரைன் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு சாப்ட்வேர் வழியாக அந்த நிரல் பரவியது. யார் யாருக்கு அனுமதி என்று வைத்திருக்கும் முக்கியக் கணிப்பொறிகள் அத்தனையும் அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும், அந்த நேரத்தில் கரண்ட் போனதால் தப்பியது. அதைக் கொண்டுதான் மீண்டார்கள். பத்து நாளில் 45,000 கணிப்பொறிகளைத் திரும்ப நிறுவினார்கள். நாம் கரண்ட் போவதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு டிஸ்க் வாங்கி, நாள் மாற்றி நாள் நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

6. புகார் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. 28.4.2022 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவில், கம்பெனிகள் இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணிப்பொறி நடமாட்டப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. உங்கள் நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்க வேண்டாம். நம் பேரில் நம் வாடிக்கையாளருக்கே பொய் மின்னஞ்சல் போனால் அப்போதுதான் மானம் போகும்.

இப்போது எங்கள் மண்டியில் கணிப்பொறிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒயருக்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பார்க்கிறோம். பொறுப்பாளர் வேறு யாருமில்லை, அன்றைக்கு என்னிடம் வந்து சொன்ன அதே பையன்தான். அட்டைக்கும் டேப்புக்கும் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. உங்கள் கடையிலும் இந்த வாரமே ஒன்று தொங்கட்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.