பிரெஞ்சு பயில்வார்க்குச் சில சொற்கள்

ஆங்கிலத்தின் வழியே பிரெஞ்சு பயிலப் புகும் நாம் முதற்கண் இடறுவது 'யூ' என்னும் சொல்லிலேயாம். பிரெஞ்சிலே அதற்குத் 'தூ', 'வூ' என இரண்டுள. முன்னது நீ, பின்னது நீங்கள். முன்பின் அறியாத கடைக்காரரைத் 'தூ' என விளித்தல் மரியாதைக் குறைவு. ஆங்கிலேயர் வருந்திக் கற்கும் இவ்வேறுபாடு தமிழ் மாணவர்க்குத் தாய்ப்பாலோடு வந்ததன்றோ? (நம் 'நீர்' என்பதற்கு மட்டும் அங்கே இடமில்லை.)

'சில் வூ ப்ளே' என்பதை ஆங்கில நூல்கள் 'ப்ளீஸ்' எனப் பெயர்த்து அமையும். சொல்லுக்குச் சொல் நோக்கின் 'உங்களுக்கு விருப்பமாயின்' என்பதே பொருள். ஆதலின் நண்பனிடத்து அது 'சில் த ப்ளே' என மாறும்.

உருவொற்றுமையும் நம்மை ஏமாற்றும். 'லிப்ரேரி' புத்தகக்கடை, ஆங்கிலத்து 'லைபிரரி' அங்கே 'பிப்ளியோதேக்'. 'தமாந்தே' என்பதும் 'டிமாண்ட்' போல அதிகாரத்தோடு கோருதலன்று, வெறுமனே கேட்டலேயாம்.