திருப்புளி முனைக்கு எவ்வளவு தோய்ச்சல்?

மயிலிட்டி என்றதும் மீன்பிடித் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். 2017 யூலையில்தான் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. அங்கே படகு எஞ்சினைக் கழற்றுகிறவருக்கும் இங்கே பெக்டரி மெஷினைக் கழற்றுகிறவருக்கும் தொல்லை ஒன்றுதான். அங்கே உப்புக்காற்று, இங்கே ஈரம். திருகாணி துருவேறி இறுகிவிடும். பலம் போட்டுத் திருகினால் திருப்புளி, அதாவது ஸ்குரூ டிரைவர், முனை முறுகும். இல்லாவிட்டால் படக்கென்று முறிந்து கண்ணுக்குப் பறக்கும்.

முறுகினால் இரும்பு மெது. முறிந்தால் கடினம் மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் தோய்ச்சல்.

“சிவக்கச் சுட்டு தண்ணில போட்டா சரிதானே?” என்று பலர் கேட்பார்கள். அது பாதி வேலைதான். அப்படியே விட்டால் முனை கண்ணாடி மாதிரி உடையும். கவ்வாத்துக் கத்தி அடிக்கிற கொல்லரைக் கவனித்துப் பாருங்கள். தோய்த்த பிறகு மறுபடி சூடு காட்டி, நிறம் பார்த்துத்தான் எடுப்பார்.

பழைய சாதாரண எஃகுத் திருப்புளிக்கு மட்டும் இதைச் செய்யலாம். மெதுவான கம்பி இரும்பு எவ்வளவு சுட்டாலும் கடினமாகாது. எஸ்2 என்று அடித்த புதிய பிட்டுகளைச் சுடவே வேண்டாம். கொம்பனியிலேயே அளவாகத் தோய்த்தவை, வீட்டு நெருப்பில் கெட்டுப்போகும். மினுங்கும் முலாம் பூசியதையும் சுடாதீர்கள். நாகப் பூச்சு எரிந்த புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, நீண்ட குறட்டால் பிடித்து, கரி நெருப்பில் முனையைச் சுடுங்கள். சிவந்த முனையில் காந்தம் ஒட்டாமல் போகும் இடம் ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ். அதற்குச் சற்று மேலே போனதும், தகர டின்னில் உள்ள தேங்காயெண்ணெயில் நேராக இறக்கி அசையுங்கள். ஆறியதும் அரத்தால் உரசினால் அரம் வழுக்க வேண்டும்.

இனித்தான் முக்கியம். முனையைச் சாண்ட் பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, முனைக்குச் சற்றுப் பின்னால் மெல்லச் சூடு காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், கத்தரிப்பூ நிறம், நீலம் என்று நிறங்கள் முனையை நோக்கி ஊர்ந்து வரும். மஞ்சள் சுமார் 220 பாகை, நீலம் சுமார் 300. கத்தரிப்பூ நிறம் நீலமாக மாறி முனைக்கு வந்ததும் தண்ணீரில் போடுங்கள். அவசரப்பட்டு மஞ்சளிலே நிறுத்தினால் முறியும். நீலம் தாண்டிச் சாம்பல் நிறமானால் மெதுவாகிவிடும்.

லயத்துக் காம்பராவுக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்கப் போகும். வெளியே, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். எண்ணெய் டின்னுக்கு மூடியும் பக்கத்தில் மணலும் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடுங்கள். மண்ணெண்ணெயில் தோய்க்கவே கூடாது.

இன்னொன்று. நல்ல முனைகள் பலவும் கெடுவது சாணைக் கல்லில்தான். சூடேற விட்டால் போட்ட தோய்ச்சல் போய்விடும். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்டுங்கள். கத்தி போலக் கூராக்காமல், திருகாணிக் காடிக்குள் இறுக உட்காரும் தடிப்பில் நிறுத்துங்கள். இறுகிய திருகாணிக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு வைத்தால் பாதிச் சிரமம் குறையும்.