சிரிப்பைப் பரிந்துரைக்கும் முறை: சிட்காம் தொடர்களைப் பிறருக்கு எடுத்துச்சொல்ல ஒரு வழிகாட்டி

சிட்காம் என்று சுருக்கமாக வழங்கும் சூழல் நகைச்சுவைத் தொடர் என்பது, ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு தங்கும் விடுதி என்று மாறாத களம் ஒன்றில் மாறாத சில பாத்திரங்களை நிறுத்தி, வாரந்தோறும் புதியதொரு சிக்கலை உண்டாக்கி, அரைமணி நேரத்துக்குள் அதை அவிழ்த்தோ மேலும் முறுக்கியோ சிரிக்கவைக்கும் தொலைக்காட்சி வடிவமாகும். துப்பறியும் தொடர் ஒன்றைப் பரிந்துரைத்தவருக்குப் பெரிய இடர் எதுவும் இல்லை; கதை என்ன ஆகிறது என்ற ஆவலிலேயே கேட்டவர் சிறிது தூரம் பார்த்துவிடுவார். நகைச்சுவைக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் பத்து நிமிடங்களில் சிரிப்பு வரவில்லையென்றால் தொடர் நிறுத்தப்படுகிறது. பரிந்துரைத்தவரின் ரசனையும் அதனுடன் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகிறது. இதற்குத் தொடரின் தரம் காரணமாவது குறைவு. தமக்குப் பிடித்தது எது என்பதிலிருந்து பரிந்துரையைத் தொடங்குவதே பெரும்பாலோர் செய்யும் பிழை; கேட்பவரால் எதைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆகவே முதற்படி, எந்தத் தொடரின் பெயரையும் சொல்வதற்கு முன்பே கேட்பவரிடம் ஒரு வினாவை எழுப்புவதாகும். ‘எந்த நகைச்சுவைத் தொடர் பிடிக்கும்?’ என்ற வினாவால் பயன் அதிகமில்லை. பெரும்பாலும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற விடையே வரும், அது எல்லோரும் பார்த்த தொடர் என்பதால் அந்த விடையிலிருந்து எதையும் ஊகிக்க இயலாது. ‘எதைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்டால் கிடைக்கும் விடை பொருள் உள்ளதாக இருக்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்க ‘தி ஆஃபீஸ்’ தொடரின் ஆறாம் சீசனில், 2009இல் வெளியான ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ என்ற எபிசோடு உள்ளது. ஏழை மாணவர்களின் வகுப்பொன்றுக்குக் கல்லூரிச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன் வாக்களித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், கையில் பணம் இல்லாமல் அந்தப் பள்ளிக்குச் சென்று, நன்றிப் பாட்டும் ஆட்டமும் முடியும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு உண்மையைச் சொல்லி, ஈடாக மடிக்கணினி பேட்டரிகளை வழங்குகிறார். சங்கட நகைச்சுவை என்பது இதுவே: திரையில் ஒருவர் அவமானத்தை நோக்கி நடந்து போவதைப் பார்ப்பவரும் உடன் நடந்து அனுபவிப்பது. சிலருக்கு இது சிரிப்பின் உச்சம். வேறு சிலரோ ரிமோட்டைத் தேடி எடுத்து ஒலியை அணைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரிடம் லாரி டேவிட்டின் ‘கர்ப் யுவர் எந்தூசியாஸம்’ தொடரை எவ்வளவு உயர்த்திப் பேசினாலும் பயன் விளையாது. அவர்களுக்கு அது தண்டனை.

இரண்டாம் படி, கேட்பவரின் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று வகுத்துக்கொள்வது. இதற்குப் புதிய கோட்பாடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறுகிறது. இந்நான்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகின்றன. எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல். விருந்தினரையே வசைபாடும் விடுதி உரிமையாளர் பேசில் ஃபால்ட்டி இடம்பெறும் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’, சுற்றியிருப்போர் அனைவரையும் நாவால் அறுக்கும் நாயகனைக் கொண்ட ‘பிளாக்ஆடர்’ ஆகியவை இவ்வகையின. இளமை என்பது குழந்தைத்தன்மை; கரடிப் பொம்மையோடு உறங்கும் மிஸ்டர் பீன் இதற்குச் சான்று. பேதைமை அறியாமையைக் குறிக்கும்; தன் திட்டம் மிகத் தந்திரமானது என்று ஒவ்வொரு முறையும் நம்பும் பிளாக்ஆடரின் வேலையாள் பால்ட்ரிக் அதன் வடிவம். மடன் என்பதைக் கொண்டதை விடாத பிடிவாதமாகக் கொண்டால், சோபாவில் தன் இடத்தை எவருக்கும் விட்டுத்தராத ‘தி பிக் பேங் தியரி’யின் ஷெல்டன் கூப்பர் உடனே நினைவுக்கு வருவார். எள்ளலை, தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இரு திசையிலும் உரைகாரர்கள் விரித்தது இங்கு மிகவும் பயன்படுகிறது. ஏனெனில் பேசில் பிறரைத் திட்டும்போது சிரிப்பவரும், அதே பேசில் அடிபடும்போது சிரிப்பவரும் ஒரே தொடரைப் பார்த்தாலும் அடுத்து வேண்டுவது வேறு வேறு தொடர்களாகும். சொல்விளையாட்டும், ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லும் ஆள்மாறாட்டக் குழப்பமும் இந்நான்கில் நேராக அடங்கமாட்டா என்பதையும் குறிப்பிட வேண்டும். கிரேசி மோகனின் நாடகங்களில் திளைத்த ஒருவர் தேடுவது அந்த விடுபட்ட பகுதியைத்தான். அவருக்கு ‘ஃப்ரேசியர்’ தயக்கமின்றிச் சொல்லத்தக்கது.

மூன்றாம் படி சிரிப்பொலி பற்றியது. 1951இல் சிபிஎஸ் நிறுவனத்தில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’, அரங்கில் அமர்ந்த பார்வையாளர்களின் முன்னிலையில் மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கப்பட்டது. பல்கேமரா முறை எனப்படும் அவ்வமைப்பே பின்னாளில் ‘சியர்ஸ்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’ போன்ற தொடர்களின் அடித்தளமாயிற்று. அதில் நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். மேடை நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். ஒற்றைக் கேமரா முறையில் திரைப்படம்போல் காட்சி காட்சியாக எடுக்கிறார்கள்; அதில் அரங்கச் சிரிப்புக்கு இடமில்லை. பதிவு செய்த சிரிப்பைப் பின்னர் சேர்க்கும் வழக்கம் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் உருவாக்கிய கருவியால் பரவியது. கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ‘மேஷ்’ தொடருக்கு அமெரிக்காவில் அத்தகைய சிரிப்பொலி சேர்க்கப்பட்டது, ஆனால் அறுவை அரங்கக் காட்சிகளில் தவிர்க்கப்பட்டது. பிரிட்டனில் பிபிசி அதைச் சிரிப்பொலி இன்றியே ஒளிபரப்பியதால், இரு நாட்டவரும் ஒரே தொடரின் இரு வேறு மனநிலைகளைப் பார்த்தனர். பின்னணிச் சிரிப்பைக் கேட்டாலே எரிச்சல் அடைவோர் உண்டு, அது இல்லாவிட்டால் எங்கே சிரிப்பது என்று திகைப்போரும் உண்டு என்பதால், இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நீளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 எபிசோடுகள். ‘தி பிக் பேங் தியரி’ 279. நேரம் குறைந்தவருக்குப் பிரிட்டிஷ் தொடரும், சமையலறையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவருக்கு அமெரிக்கத் தொடரும் பொருந்தும்.

நான்காம் படியே எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரும்பாலும் கைவிடப்படுவதும் இதுவே: தொடரைப் பரிந்துரைக்காமல் ஓர் எபிசோடைப் பரிந்துரைத்தல். நாவலைப் போல முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும் என்ற எண்ணம் சிட்காமுக்குப் பொருந்துவதில்லை, ஏனெனில் எழுதுவோரும் நடிகர்களும் பாத்திரங்களைக் கண்டடையச் சில காலம் ஆகிறது. ‘பிளாக்ஆடர்’ 1983இல் வந்த முதல் தொகுதியில் நாயகனைக் கோழையாகவும் அசடாகவும் காட்டியது. பென் எல்டன் எழுத்தில் இணைந்த இரண்டாம் தொகுதியில்தான் அவன் கூர்நாவினன் ஆனான். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரின் முதல் 6 எபிசோடுகளைக் கடக்க முடியாமல் நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் சீசனில் தொடங்குவதே முறை. ‘சைன்ஃபெல்ட்’ தொடருக்கு 1991இல் வெளியான ‘தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்’ நல்ல உரைகல். மூன்று நண்பர்கள் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து, பத்து நிமிடம் என்று பணியாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பின்னால் வந்தவர்கள் உள்ளே போகிறார்கள். தொலைபேசி கிடைக்கவில்லை, பசி தாங்கவில்லை. கடைசியில் மூவரும் வெளியேறிய மறுகணம் அவர்களுடைய பெயர் அழைக்கப்படுகிறது. வேறு எதுவும் நடப்பதில்லை. இதைப் பார்த்துச் சிரித்தவர் ‘சைன்ஃபெல்ட்’ முழுவதையும் ரசிப்பார். ‘இதில் கதை எங்கே?’ என்று கேட்பவரை அத்தோடு விட்டுவிடலாம். ‘ஃப்ரேசியர்’ தொடருக்கு, 1998இல் வந்த ‘தி ஸ்கீ லாட்ஜ்’ அவ்வாறே பயன்படும். பனிமலை விடுதி ஒன்றில் ஒவ்வொருவரும் தம்மை விரும்பாத ஒருவரை விரும்பி இரவு முழுவதும் தவறான கதவுகளைத் தட்டும் ஆள்மாறாட்ட நாடகம் அது. இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. ‘அரெஸ்டட் டெவலப்மெண்ட்’ பழைய நகைச்சுவைகளின் மேல் புதியவற்றை அடுக்கிச் செல்வது. ‘தி குட் பிளேஸ்’ முதல் சீசனின் முடிவில் பெரியதொரு திருப்பத்தை வைத்திருப்பது. இவற்றை முதலிலிருந்தே பார்க்கவேண்டும், பரிந்துரைப்பவர் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும்.

ஐந்தாம் படியாக, நாட்டுக்கு நாடு மாறும் சுவையைக் கவனிக்க வேண்டும். ‘தி ஆஃபீஸ்’ தொடரின் இரு வடிவங்கள் இதற்குக் கண்கூடான சான்று. ரிக்கி ஜெர்வேஸும் ஸ்டீபன் மெர்ச்சண்டும் உருவாக்கி 2001இல் பிபிசியில் தொடங்கிய மூல வடிவில், ஸ்லவ் நகரக் காகித நிறுவனத்தின் மேலாளர் டேவிட் பிரெண்ட், தன்னை எல்லோரும் விரும்புகிறார்கள் என்று நம்பிக்கொண்டே தோற்றுக்கொண்டிருப்பவர். தொடர் அவரிடம் எளிதில் இரக்கம் காட்டுவதில்லை, 12 எபிசோடுகளோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியோடும் முடிந்தும் விடுகிறது. 2005இல் வந்த அமெரிக்க வடிவத்தின் முதல் எபிசோடு ஏறத்தாழ அதன் நகலே. இரண்டாம் சீசனிலிருந்து மைக்கேல் ஸ்காட் திறமையான விற்பனையாளராகவும், குடும்பத்துக்காக ஏங்கும் தனியராகவும் மென்மையாக்கப்பட்ட பின்னரே அது தனக்கென ஓர் உயிர் பெற்று 201 எபிசோடுகள் ஓடியது. ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் வந்துபோகும் மனிதரை வெறுத்துக்கொண்டே இருக்க இயலாது என்பதே அந்த மாற்றத்தின் காரணமாகத் தெரிகிறது. கசப்பை விரும்புவோருக்குப் பிரிட்டிஷ் வடிவத்தையும், பாத்திரங்களோடு உறவாட விரும்புவோருக்கு அமெரிக்க வடிவத்தையும் சொல்லலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் பரிந்துரைக்கு எவ்விதத்திலும் உதவாது.

மொழியும் காலமும் ஆறாம் படியில் வருகின்றன. வட அயர்லாந்தின் ‘டெர்ரி கேர்ள்ஸ்’ போன்ற தொடர்களில் உச்சரிப்பும் வேகமும் ஆங்கிலம் நன்கறிந்தவரையே திணறவைக்கும் என்பதால் துணைத்தலைப்புகளை இயக்கிக்கொள்ளச் சொல்வது பரிந்துரையின் ஒரு பகுதியே. பழைய தொடர்களுக்கு வேறு எச்சரிக்கை தேவை. லண்டன் வகுப்பறை ஒன்றில் பல நாட்டவர் ஆங்கிலம் பயில்வதைக் காட்டும் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ 1977இல் தொடங்கியது. ஒவ்வொரு இனத்தையும் ஒரே அச்சில் வார்த்துக் கேலி செய்யும் அதன் போக்கு இன்று பலரை உறுத்தும், சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கோ அது இன்றும் இனிக்கும். அதைச் சொல்லிவிட்டுக் கொடுப்பதே நேர்மை.

இறுதிப்படி சொல்லும் முறை. ‘விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்’ என்று முன்னறிவிப்பவர் தாமே அந்தச் சிரிப்பைக் கெடுத்துவிடுகிறார், ஏனெனில் எதிர்பாராமையே நகையின் உயிர். ‘இதில் சங்கடமான காட்சிகள் இல்லை, பின்னணிச் சிரிப்பு உண்டு, இந்த ஓர் எபிசோடு போதும், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்’ என்ற அளவில் சொல்லி நிறுத்துவது சிறந்தது. அருகில் அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும், நல்ல இடம் வருமுன் தோளைத் தட்டுவதும், வசனத்தை முந்திக்கொண்டு சொல்வதும் எவ்வளவு அன்போடு செய்தாலும் தொல்லையே. பார்த்து முடித்தவரிடம் ‘பிடித்ததா?’ என்று கேட்பதைவிட ‘யார்மேல் எரிச்சல் வந்தது?’ என்று கேட்டால் அடுத்த பரிந்துரைக்குத் தேவையான செய்தி கிடைக்கும்.

கேட்பவரைப்பற்றி எதுவுமே தெரியாத நிலையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டுமென்றால், 1980இல் தொடங்கிய ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரே தமிழ் வாசகருக்கு முதல் தேர்வாகத் தகும். அதன் ‘தி கம்பாஷனேட் சொசைட்டி’ என்ற எபிசோடில், 500க்கும் மேற்பட்ட நிர்வாக, உதவிப் பணியாளர்களோடு ஒரு புதிய மருத்துவமனை செம்மையாக இயங்குகிறது. அங்கு ஒரு நோயாளிகூட இல்லை. அமைச்சர் இதைக் கேட்டு அதிர்கிறார்; அதிகாரிகளோ தூய்மைக்கான விருதுக்கு அம்மருத்துவமனை தகுதி பெற்றதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்கள். கோப்புகளும் அதிகாரிகளும் எவ்வாறு இயங்குவர் என்று அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காவது காத்திருந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. அதன் தொடர்ச்சியான ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ உட்பட மொத்தம் 38 எபிசோடுகளே உள்ளதால், பிடித்துப்போனால் ஒரு மாதத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம்.