கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு



பூசையில் ரிதம் போட்டு வாசித்ததற்காக உங்கள் ஊர்ப் பெரியவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்ததாக எழுதியிருந்தாய். பக்தியே போய்விட்டது என்றார்களாம். அவர்களில் மூத்தவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைத்த காலத்தில் அவர்கள் சின்னப் பிள்ளைகள். பழவேற்காட்டில் மகிமை மாதா கோவில் 1515இல் வந்தது என்பார்கள். அதிலிருந்து நாலரை நூற்றாண்டுக்கு லத்தீன்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகுதான் தமிழ்ப்பூசைக்கு வழி பிறந்தது. இன்று அவர்கள் மரபு என்று காப்பது, அன்று அவர்கள் தாத்தாக்களை முகம் சுளிக்க வைத்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு அவர்களை மடக்கிவிடாதே. மரபைப் பிடித்து நிற்பவர் ஒரே நேரத்தில் சரியாகவும் தவறாகவும் இருக்க முடியும். தஞ்சாவூர்ப் புராட்டஸ்டண்ட் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அப்படித்தான். சரபோஜி மன்னரோடு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்த மன்னரின் அவைப் புலவர். புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம் என்றபோது கொதித்துப்போனார். 1829இல் நான்கு கொடுமைகள் என்று பட்டியலிட்டு எழுதினார்: வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதி வித்தியாசம் பார்க்காமல் கலக்கச் சொல்வது, பூவைத் தடுப்பது, தமிழ் இசையைத் தடுப்பது. பாட்டு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். 1853இல் அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவை இன்றும் ஓய்ந்தபாடில்லை. சாதி விஷயத்தில் சாஸ்திரியார் சொன்னதை எந்தக் கிறிஸ்தவனும் ஒப்பக்கூடாது. ஆனால் இரண்டுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றே: முன்னோர் வழக்கம்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பாடியவர், இந்தக் கீர்த்தனைகளையே கேள்வி கேட்டார். கர்நாடக ராகம் மேல்சாதியாரின் இசை, உழைக்கிறவர்களின் தாளம் எங்கே போனது என்றார். நாட்டுப்புற மெட்டில் வழிபாடே அமைத்தார். எனக்குக் கீர்த்தனை பிடிக்கும். இருந்தும் அவர் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

அந்தக் கேள்வியோடு, உங்கள் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க வைத்திருக்கும் பாடு முறையையும் நினைத்துப்பார். எந்த இடத்தில் யாருக்கு எந்த முறை என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கிறார்கள். பாடு உள்ள தலைக்கட்டுகளுக்குள் அது நேர்மையான ஏற்பாடு. பாடு இல்லாதவன் கரையில் நிற்கிறான். பாடகர் குழுவிலும் அப்படி யாராவது நிற்கிறார்களா என்று பார். பறை அடிக்கத் தெரிந்த பையனைச் சாவு ஊர்வலத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, திருவிழாப் பூசைக்குக் கூப்பிடாமல் இருக்கிறோமா? அதற்குப் பக்தி என்று பெயர் சொன்னால் நீ ஒத்துக்கொள்ளாதே.

ரிதம் விஷயத்தில் நான் பெரியவர்கள் பக்கம். பெட்டிக்குள் இருக்கும் தாளம் யாருக்காகவும் நிற்காது. பழைய பாட்டில் வரி முடிவில் கிழவிகள் இழுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள். அதற்குள் மெஷின் அடுத்த வரிக்குப் போய்விடும். சனம் வாயை மூடிக்கொண்டு உன்னை வேடிக்கை பார்க்கும். சுருதியையும் உன் பாடகிக்கு ஏற்ப வைக்காதே, மீன் விற்றுத் தொண்டை கட்டியவர்களுக்கு ஏற்ப இறக்கி வை. எழுந்தேற்றத்தின்போதும் நன்மை வாங்கிய பிறகும் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிடு. (அந்த டிரம்பெட் சத்தத்தை மட்டும் எப்போதுமே தொடாதே, அது கல்யாண மண்டபத்தோடு இருக்கட்டும்.)

புதுப் பாட்டு கொண்டுவா, தாராளமாக. பூசைக்கு முன்னால் பத்து நிமிஷம் மைக்கை அணைத்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடு. மூன்று ஞாயிறு போன பிறகும் பாடகர் குழு மட்டுமே பாடுகிறது என்றால் அந்தப் பாட்டை விட்டுவிடு, எவ்வளவு நல்ல மெட்டாக இருந்தாலும். ஒத்திகை நேரத்தை வைப்பதற்கு முன் வலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம் எப்போது வர முடியும் என்று கேள். கண்டித்த பெரியவர்களில் குரல் நன்றாக உள்ளவர் ஒருவரை அந்த ஒத்திகைக்குக் கூப்பிடு. பழைய பாட்டை அவர் நடையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும், நீ பின்னால் வாசி.