விலகாத நஞ்சுக்கொடி: இரத்தம் முன்னரே சொல்லுமா?

தேக்காவில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகியவற்றில் நடக்காத தமிழர் சிங்கப்பூரில் குறைவு. இரண்டு பெயர்களும் எருமையைக் குறிப்பவை. அருகிலுள்ள மகப்பேற்று மருத்துவமனையும் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில் என்றே பெயர் பெற்றது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது.

கன்று ஈன்ற மாட்டுக்கு இளங்கொடி விழுந்துவிட்டதா என்று காத்திருந்து பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். மனிதத் தாய்க்கும் குழந்தை பிறந்த சுமார் அரை மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி வெளிவர வேண்டும். சிலருக்கு அது கருப்பையோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது. வலிந்து பிரித்தால் இரத்தம் பெருக்கெடுக்கும். தாயின் உயிரைக் காக்கக் கருப்பையையே அகற்ற நேரிடலாம். இதைப் பிரசவத்திற்கு முன்பே இரத்தப் பரிசோதனையால் கண்டறிய முடியுமா?

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். மனித நஞ்சுக்கொடியின் டிரோஃபோபிளாஸ்ட் செல்களோ சுவரைத் துளைத்துத் தாயின் இரத்தக் குழாய்கள்வரை செல்பவை. டெசிடுவா என்னும் படலம் அவற்றுக்கு எல்லை வகுக்கிறது. முந்தைய சிசேரியன் தழும்பில் அப்படலம் குறைபட்டிருப்பதால் செல்கள் எல்லை மீறுகின்றன. தசையோடு ஒட்டினால் அக்ரீட்டா. தசைக்குள் புகுந்தால் இன்க்ரீட்டா. தசையையும் கடந்தால் பெர்க்ரீட்டா.

2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருக்கும் பெண்களை ஆராய்ந்தது. முதன்முறை சிசேரியன் செய்துகொள்வோரில் இக்குறை 3 விழுக்காடு. இரண்டாம் முறை 11. மூன்றாம் முறை 40. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இரத்தம் தரும் குறிப்புகள்

டவுன் நோய்க்குறியைக் கண்டறிய 11 முதல் 13 வார அளவில் எடுக்கும் இரத்தத்திலேயே பாப்-ஏ என்னும் புரதம் அளக்கப்படுகிறது. அளவை அப்படியே படிப்பதில்லை. அதே கர்ப்ப வாரத்திலுள்ள பெண்களின் இடைநிலை அளவால் வகுத்து, உடல் எடை, இனம் போன்றவற்றுக்கு ஏற்பத் திருத்துவர். விடை 1 என்றால் இயல்பு; 2 என்றால் இரு மடங்கு. நஞ்சுக்கொடி ஆழப் பதிந்தவர்களிடம் இது இயல்பைவிடக் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

இரண்டாம் பருவத்தில் பார்க்கப்படுவது ஏஎஃப்பி. இது கருவின் கல்லீரலில் உருவாகும் புரதம். தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள தடுப்பு குலைந்தால் தாயின் இரத்தத்தில் கூடுதலாகக் கசியும். கருப்பைத் தசை சிதைந்தால் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி உயரலாம். 1997இல் தாயின் இரத்தத்தில் கருவின் டிஎன்ஏ கண்டறியப்பட்டது புதிய வழியைத் திறந்தது. 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிரோஃபோபிளாஸ்ட் செல் கொத்துகளைக் கொண்டு இக்குறையை அறிய முயன்றனர்.

எந்த அளவுக்கு நம்பலாம்?

ஏஎஃப்பி இரட்டைக் குழந்தைகள் இருந்தாலும், கருவின் முதுகுத்தண்டு சரிவர மூடாவிட்டாலும் உயரும். கிரியேட்டின் கைனேஸ் வேறு தசைக் காயத்திலும் உயரும். ஆகவே எந்த ஒரு குறியீடும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் படமும், தேவைப்படின் எம்ஆர்ஐயும், தாயின் அறுவைச் சிகிச்சை வரலாறுமே இன்றும் முதன்மையானவை. இரத்தக் குறியீடுகள் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சுட்டும் துணைச் சான்றுகள் மட்டுமே.

முன்னரே தெரிந்தால், இரத்தம் சேகரித்து வைத்து, அனுபவமிக்க குழுவுடன் குறித்த நாளில் அறுவைச் சிகிச்சை செய்யலாம். எனவே, தமிழகத்தில் முதல் பிரசவம் முடித்துச் சிங்கப்பூரில் அடுத்த குழந்தையை எதிர்பார்க்கும் அக்காவோ அண்ணியோ நம் வீட்டில் இருந்தால், பழைய மருத்துவக் குறிப்புகளை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். "முன்பு சிசேரியன் ஆனது" என்ற அந்த ஒரு சொல், எந்த இரத்தத் துளிக்கும் முன்னதாகக் கிடைக்கும் எச்சரிக்கை.